ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?

ஸ்கேன் அறிக்கையின் மேல் வரியில் மூளையில் கட்டி என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே ரத்தக்குழாயைப் பற்றி இன்னொரு வரி இருக்கும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அந்தக் கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் வழியெல்லாம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு வருவார்கள். "கட்டின்னு சொல்றாரு, நரம்பு வீங்கியிருக்குன்னும் சொல்றாரு. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?" நம் பக்கம் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்வோம். சொல் பிசகினாலும் கேள்வி பிசகவில்லை. கட்டியும் கோளாறான ரத்தக்குழாயும் ஒரே மண்டைக்குள் சேர்ந்து இருந்தால் அது தற்செயலா, ஒன்று மற்றதைப் பெற்றதா, இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதைத்தான் மருத்துவர்களும் ஏறக்குறைய நூறு வருஷமாகக் கேட்டுவருகிறார்கள். மூன்று பதிலுக்கும் நோயாளிகள் உண்டு. எந்த ஆளுக்கு எந்தப் பதில் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறுகிறது. அதைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்களில் பல, பெரிய மெஷின் எதுவும் இல்லாமல் கரிசல் காட்டிலேயே கிடைக்கக்கூடியவை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

குழாய்க் கோளாறுகள் என்னென்ன என்று முதலில் பார்த்துவிடலாம். கம்மாய்த் தண்ணீர் மடையில் இறங்கி, வாய்க்காலில் ஓடி, வயல் வயலாகப் பிரிந்து மண்ணில் ஊறி, மிச்சம் வடிந்து ஓடையில் சேரும். மூளைக்குள் தமனி வாய்க்கால், தந்துகி வயல், சிரை ஓடை. வயலில் பரவும்போது தண்ணீரின் வேகம் அடங்கிவிடுகிறது. அந்த வயலே இல்லாமல் வாய்க்காலை நேராக ஓடையில் வெட்டிவிட்டால் பக்கத்து வயல் காயும், ஓடைக்கரை வேகம் தாங்காமல் ஒருநாள் உடையும். தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட தமனி-சிரைப் பின்னல் இப்படிப்பட்டது. சும்மா விட்டால் வருஷத்துக்கு நூற்றில் இரண்டு முதல் நான்கு பேருக்கு உடைந்து மூளைக்குள் ரத்தம் கசிகிறது. அனியூரிசம் என்பது தமனி கிளை பிரிகிற இடத்தில் சுவர் மெலிந்து பலூன் மாதிரி புடைத்திருப்பது. கேவர்னோமா, மெல்லிய சுவர் கொண்ட சின்னச் சின்ன ரத்த அறைகள் கொத்தாகக் கூடிக் கிடப்பது. மெதுவாகக் கசியும், வலிப்பைக் கொண்டுவரும். நாலாவதாகச் சிரை அமைப்பு மாறுபாடு. வடிகால் வழக்கமான தடத்தில் போகாமல் வேறு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். அதனால் கெடுதல் அநேகமாகக் கிடையாது. ஆனால் மூளையின் அந்தப் பகுதிக்கு அது ஒன்றுதான் வடிகால். கட்டியை எடுக்கப் போனவர் தெரியாமல் அதை அடைத்துவிட்டால் அந்த இடமே வீங்கி ரத்தம் கட்டிவிடும்.

இனி தற்செயல் கணக்கு. உலக அளவில் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு, வெடிக்காத அனியூரிசம் தலைக்குள் சத்தமில்லாமல் இருக்கிறது. கேவர்னோமா இருநூற்றில் ஒருவருக்கு. சிரை மாறுபாடு இன்னும் சாதாரணம். அப்படியானால் மூளைக் கட்டி உள்ள ஆயிரம் பேருக்கு ரத்தக்குழாய்ப் படம் எடுத்தால், கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் முப்பது பேருக்கு அனியூரிசம் தென்பட வேண்டும். மூளை உறையில் வளரும் கட்டியான மெனிஞ்சியோமாவும் அனியூரிசமும் சேர்ந்து இருப்பதாக வந்த பெரும்பாலான செய்திகளை நான் இந்தக் கணக்கில்தான் வைப்பேன். இரண்டுமே நடுவயதுப் பெண்களிடம் கூடுதலாக வருபவை. ஒரே தலையில் சந்தித்துக்கொள்வதில் அதிசயம் இல்லை. தமனி-சிரைப் பின்னல் அப்படியல்ல. வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அது, மூளைத் திசுவிலேயே கிளம்பும் கிளியோமா கட்டியோடு ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தால் தற்செயல் என்று கடந்துபோக முடியாது.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்டவர்களில் முக்கியமானவர் பி. ராமமூர்த்தி. 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே சென்னைப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். 1951இல் இவர்கள் உட்பட நால்வர் சேர்ந்து சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். ராமமூர்த்தி 1969இல் வெளியிட்ட கட்டுரை, மேல்நாட்டோடு ஒப்பிட்டால் இந்தியர்களிடம் அனியூரிசம் குறைவாகவே காணப்படுகிறது என்றது. பின்னால் வந்தவர்கள் அதை மறுபரிசீலனை செய்தார்கள். வெடித்த அனியூரிசம் பலரை ஆஸ்பத்திரிக்கு வரவே விடாது என்பது அவர்கள் வாதம். கரிசலில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நன்றாக இருந்த சம்சாரி, "தலை பிளக்குதே" என்று பிடித்துக்கொண்டு வரப்பில் விழுந்து இறந்தால் "முனி அடிச்சிருச்சு" என்பார்கள். சென்னையில் எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் ஏறியிருக்க மாட்டார். கட்டியின் பக்கமும் இப்படியே. அந்தக் காலத்தில் மூளைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவற்றில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் காசநோய்க் கட்டிகள். இரண்டு கோளாறும் சேர்ந்து வருவது எத்தனை பேருக்கு என்று சொல்ல, இரண்டையும் தனித்தனியாகச் சரியாக எண்ணியிருக்க வேண்டும். நம்மிடம் அந்த எண்ணிக்கை வெகுநாள் ஓட்டையாகவே இருந்தது.

கட்டி தானே குழாயைக் கெடுக்கும் என்பது இரண்டாவது பதில். மூன்றில் இதுதான் பலமானது. மூளையின் ரத்தக்குழாய்ப் படம் கண்டுபிடிக்கப்பட்டதே கட்டியைத் தேடித்தான். லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927இல் கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது அவர் பார்க்க விரும்பியது குழாயை அல்ல. குழாய் எங்கே ஒதுங்கி வளைந்திருக்கிறது என்பதை வைத்து அதை ஒதுக்கிய கட்டியைக் கண்டுபிடிக்க விரும்பினார். அடுத்த வருஷமே ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் மூளையின் ரத்தக்குழாய்களிலிருந்து கிளம்பும் கட்டிகளைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்கள். உயிரணுக்கள் பெருகி வளரும் உண்மையான கட்டி எது, கட்டி மாதிரி தெரிகிற குழாய்ப் பின்னல் எது என்று அதில் பிரித்தார்கள். இன்றைய அறிக்கையின் இரண்டு வரிகளும் அந்தப் பிரிவினையின் பேரப்பிள்ளைகள்.

கட்டி எப்படிக் குழாயைக் கெடுக்கிறது என்பதை 1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எடுத்துவைத்தார். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் கட்டிக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் வேண்டும். அதனால் அது பக்கத்துக் குழாய்களைத் தன் பக்கம் இழுக்கிறது என்றார். பல வருஷம் அவரை நம்பியவர்கள் குறைவு. 1980களில், அப்படி இழுக்கும் புரதத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. இன்று விஇஜிஎஃப் என்று அதைச் சொல்கிறோம். கிளியோமாக்களில் மூர்க்கமான கிளியோபிளாஸ்டோமா இந்தப் புரதத்தைக் கொட்டுகிறது. அவசரத்தில் முளைத்த குழாய்கள் கோணலும் மாணலுமாக, ஒழுகும் சுவரோடு இருக்கும். சில இடத்தில் தமனி ரத்தம் தந்துகியில் தங்காமல் சிரைக்குத் தாவிவிடும். படத்தில் அசல் தமனி-சிரைப் பின்னல் போலவே தெரியும். அப்படி ஒரு குழாய் உடைந்தால் ரத்தம் கட்டியையே மூடி மறைத்துவிடும்.

நம் ஊரில் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. திடீரென்று கை கால் விழுந்தவரை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அவசரத்துக்கு எடுக்கும் சி.டி.யில் வெள்ளைத் திட்டாக ரத்தம் தெரிகிறது. "பிரஷர் கூடி நரம்பு வெடிச்சிருச்சு" என்று வீட்டுக்காரர்கள் புரிந்துகொள்கிறார்கள். பல பேருக்கு அது உண்மையும்கூட. ஆனால் ஆள் இளவயசு, ரத்தக்கொதிப்பு கிடையாது, கசிவு மூளையின் ஆழத்தில் இல்லாமல் மேலோட்டமான மடலில் இருக்கிறது என்றால் அந்த விளக்கம் போதாது. சில மணி நேரக் கசிவைச் சுற்றி வீக்கம் அளவுக்கு மீறி இருந்தாலும் போதாது. குழாய்ப் படமும், மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். அதில் ஒன்றும் அகப்படாவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் ரத்தம் கரைந்த பிறகு மறுபடி ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அப்போதுதான் அடியில் இருந்த கட்டியோ பின்னலோ முகம் காட்டும். கை கால் தேறி, தீப்பெட்டி ஆபீசுக்கோ பருத்திக் காட்டுக்கோ திரும்பிவிட்ட ஒருவரை இரண்டாம் தடவை ஐகிரவுண்டுக்கு அனுப்புவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் கூலி போகும், துணைக்கு வருகிறவர் கூலியும் போகும். என்றாலும் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அடிக்கோடு போடச் சொன்னால் இந்த இரண்டாவது ஸ்கேனுக்குத்தான் போடுவேன்.

இளம்பெண்ணாக இருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். முன்பு முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (பிள்ளை உருவாகாமல் கர்ப்பத் திசு மட்டும் பெருகுவது) கலைந்ததா, குறைப்பிரசவம் ஆனதா, அதற்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் இருந்ததா? அந்தக் கர்ப்பத் திசு சில பெண்களுக்குக் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாக மாறும். ரத்தக்குழாயைத் துளைப்பதே அந்தத் திசுவின் சுபாவம். நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி, தமனியின் சுவருக்குள் புகுந்து, அங்கேயே அனியூரிசத்தை உண்டாக்கி வெடிக்க வைக்கும். குழாயும் கட்டியும் இங்கே ஒன்றே. இதைக் கண்டுபிடிக்கும் முதல் தடயம் மருந்துக் கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை. அது பார்க்கும் அதே ஹார்மோனைத்தான் இந்தக் கட்டியும் சுரக்கிறது. பரவிய பிறகும் மருந்தாலேயே குணமாகக்கூடிய புற்றுநோய்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. 1956இல் அமெரிக்காவில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் மெத்தோட்ரெக்சேட் கொடுத்து அதைக் காட்டினார்கள். இப்படிப்பட்ட நோயை வெறும் மூளைக் கசிவு என்று எழுதி மூடிவிடக் கூடாது.

பிரசவமான பெண்ணுக்குத் தலைவலியும் வலிப்பும் வந்தால் கதை வேறு. மதுரையிலிருந்து கே. சீனிவாசன் 1983இல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளைக் குழாய் அடைத்த 135 பெண்களைப் பற்றியது. உலகத்தில் பலரும் மேற்கோள் காட்டியது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற பத்தியம் ரத்தத்தைத் தடிக்க வைக்கிறது என்று மருத்துவர்கள் எச்சரித்து வந்திருக்கிறார்கள். அந்தப் பத்தியம் நம் வீடுகளில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. சிரை அடைத்து ஒரு பக்கம் வீங்கிய மூளை, சாதாரண சி.டி.யில் கட்டி மாதிரி ஏமாற்றும். கட்டியே சிரையை அடைப்பதும் உண்டு. உச்சந்தலைக்குக் கீழே ஓடும் பெரிய சிரைக்குழாயை மெனிஞ்சியோமா மெல்ல நெரிக்கும். வடிகால் அடைபட்ட ரத்தம் மூளை உறைக்குள் புது வழி தேட, தமனியும் சிரையும் அங்கே நேரடியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு கோளாறு இன்னொன்றைப் பெற்றெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

பின்னல் கட்டியைப் பெறுமா? தமனி-சிரைப் பின்னலைச் சுற்றியுள்ள மூளைத் திசு வருஷக்கணக்கில் ரத்தப் பஞ்சத்தில் வாடி, தழும்பேறிக் கிடக்கும். அந்தத் தழும்பு அணுக்கள்தான் ஒருநாள் கட்டியாகத் திரும்புகின்றன என்று சிலர் கருதினார்கள். நிரூபணம் இல்லை. தவிர, ஒரு பொறியும் இருக்கிறது. பின்னலின் குழாய்களுக்கு நடுவே அகப்பட்ட ஒலிகோடென்ட்ரோசைட் அணுக்கள் நெருங்கி நின்று, நுண்ணோக்கியில் ஒலிகோடென்ட்ரோகிளியோமா கட்டி போலவே காட்சி தரும். அனுபவசாலி நோயியல் வல்லுநர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2008இல் ஐடிஹெச் மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. அதையும், ஒன்றாம் பத்தொன்பதாம் குரோமோசோம்களின் துண்டுகள் சேர்ந்து காணாமல்போவதையும் பார்த்துத்தான் இன்று அந்தக் கட்டியை உறுதி செய்கிறார்கள். பின்னலும் கட்டியும் சேர்ந்து இருந்ததாக எழுதப்பட்ட பழைய அறிக்கைகளில் கணிசமானவை இந்தச் சோதனையில் நிற்காது என்பது என் கணிப்பு. ஆஞ்சியோகிளியோமா என்று ஒரு காலத்தில் புழங்கிய பெயரும் மங்கிவிட்டது. அப்படி அழைக்கப்பட்டவை பெரும்பாலும் குழாய்கள் மிகுந்த, மெதுவாக வளரும் சாதாரண கிளியோமாக்கள்.

இரண்டும் உண்மையிலேயே இருந்தால் எதை முதலில் கவனிப்பது? தொந்தரவு தருவது எதுவோ அதை என்பது பொது வழக்கம். ஆனால் கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் தமனியிலேயே அனியூரிசம் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும், அல்லது ஒரே அறுவையில் இரண்டையும் முடிக்க வேண்டும். பெரிய கட்டியை எடுத்ததும் மண்டைக்குள் அழுத்தம் குறைந்து, அதுவரை வெளியிலிருந்து முட்டுக்கொடுத்தது போல் இருந்த அனியூரிசச் சுவர் வெடித்துவிடலாம். பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டியில் இது இன்னும் கூர்மை. மூக்கு வழியாகப் போகும் அந்த அறுவையில் இரண்டு பக்கமும் கழுத்துத் தமனியின் மேல்பகுதி உரசிக்கொண்டு ஓடுகிறது. அங்கே பெரிய அனியூரிசம் ஒன்று பிட்யூட்டரிக் கட்டி போலவே வேஷம் போட்டு உட்கார்ந்திருக்க முடியும். படம் பார்க்காமல் அதில் கத்தி வைத்தால் மேஜையிலேயே உயிர் போகும். கோவில்பட்டியிலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கோ, மதுரைக்கோ போகிறவர்களிடம் இன்னொரு படம் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அதைக் காசு பிடுங்கும் வேலை என்று நினைத்துவிட வேண்டாம்.

குழாயை அடக்கிக் கட்டியை ஒடுக்கலாம் என்ற நம்பிக்கை பாதிதான் பலித்தது. விஇஜிஎஃப் புரதத்தைக் கட்டிப்போடும் பெவாசிசுமாப் மருந்து, திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2014இல் வெளிவந்த இரண்டு பெரிய சோதனைகள், புதிதாகக் கண்ட நோயாளிகளுக்கு அது ஆயுளைக் கூட்டவில்லை என்று காட்டின. ஒழுகும் குழாய்கள் அடைபடுவதால் ஸ்கேனில் கட்டி சுருங்கியது போலத் தெரியும். வீக்கமும் குறையும், ஸ்டீராய்டு மாத்திரையையும் குறைக்க முடியும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் கட்டி உள்ளே இருந்துகொண்டே இருக்கும். விலை உயர்ந்த மருந்து. நிலத்தை அடமானம் வைக்கும் முன் குடும்பத்துக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

வேர் ஒன்றே என்பது மூன்றாவது பதில். 2018இல் வந்த ஆய்வு, மூளைத் தமனி-சிரைப் பின்னல் உள்ள 72 நோயாளிகளின் திசுவில் 45 பேருக்குக் கேராஸ் மரபணு மாற்றத்தைக் கண்டது. கணையப் புற்றுநோயிலும் குடல் புற்றுநோயிலும் பெயர் பெற்ற மரபணு அது. 2021இல் இன்னும் வியப்பான செய்தி. மனிதரின் மெனிஞ்சியோமாவில் காணப்படும் மரபணு மாற்றங்களைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலியின் மூளையில் புகுத்தினார்கள். மெனிஞ்சியோமா வரவில்லை. கேவர்னோமா வந்தது. குஷிங்கும் பெய்லியும் போட்ட கோட்டை மரபணு பல இடங்களில் அழித்துவிட்டது.

கட்டிக்கும் குழாய்க் கோளாறுக்கும் பொதுவான அந்த வேர் சில குடும்பங்களில் பரம்பரையாகவே வரும். அவற்றில் நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை ஒன்று. தோலில் வெளிர் காப்பி நிறத்தில் ஆறோ அதற்கு மேலோ திட்டுகள், பார்வை நரம்பில் கிளியோமா, சிலருக்கு மூளையின் பெரிய தமனிகள் சுருங்கி, ஈடுகட்ட மயிரிழைக் குழாய்கள் புகையாக மொய்க்கும் மோயாமோயா. ஜப்பானிய மருத்துவர்கள் 1969இல் வைத்த பெயர் அது. படத்தில் புகை போலத் தெரிவதால் வைத்தார்கள். இந்தக் குழந்தைகளின் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் மோயாமோயா வரும் அபாயம் கூடுகிறது. அதனால் முடிந்தவரை மருந்தாலேயே சமாளிக்கிறார்கள். வேறு கட்டிகளுக்குச் சின்ன வயதில் தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் பல வருஷம் கழித்து அதே இடத்தில் கேவர்னோமா முளைக்கலாம். பழைய வைத்தியச் சீட்டைப் பரண்மேல் போட்டுத் தொலைத்துவிடக் கூடாது.

இன்னொன்று ஃபான் ஹிப்பல்-லிண்டாவு நோய். ஜெர்மன் கண் மருத்துவர் ஃபான் ஹிப்பல் விழித்திரையில் குழாய்க் கட்டிகளைப் பார்த்தார். ஸ்வீடனின் ஆர்விட் லிண்டாவு, அதே கட்டி சிறுமூளையிலும் வருகிறது, இரண்டும் ஒரே நோய் என்று 1926இல் காட்டினார். ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா என்ற இந்தக் கட்டியே ரத்தக்குழாய்களின் கூட்டம்தான். 1993இல் மரபணு கிடைத்தது. உயிரணு ஆக்சிஜனை எப்படி உணர்கிறது என்பதை இந்த நோயின் வழியாக விளக்கியவர்களில் ஒருவரான வில்லியம் கேலின், வேறு இருவரோடு 2019இல் நோபல் பெற்றார். பிழையான மரபணு, ஆக்சிஜன் இருக்கும்போதே இல்லை என்று உயிரணுவை நம்பவைக்கிறது. அது குழாய் குழாயாக வளர்க்கிறது. அந்தப் பொய்யை இடைமறிக்கும் பெல்சுடிஃபான் மாத்திரைக்கு 2021இல் அமெரிக்க அனுமதி வந்தது. சிலருக்கு இந்தக் கட்டி சிவப்பணுவைப் பெருக்கும் ஹார்மோனையும் சுரக்கும். ரத்தசோகை மலிந்த நம் ஊரில் தலைவலியோடு வந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 18 என்று வந்தால், லேப்காரர் தப்பாகப் போட்டிருப்பார் என்று ஒதுக்காமல் சிறுமூளையைப் பார்க்க வேண்டும்.

"சொந்தத்துல கட்டினதால வந்தது" என்று இந்தக் குடும்பங்களில் பேச்சு எழும். மாமன் மகளைக் கட்டினதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே ஒருவருக்குக் கண்டுபிடித்தால் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் பார்த்தாக வேண்டும். பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் கண். மூளையின் குழாய்களுக்கு உடன்பிறந்த குழாய்களைத் தோலைக் கிழிக்காமல் நேரில் பார்க்க உடம்பில் உள்ள ஒரே ஜன்னல் விழித்திரைதான். ஃபான் ஹிப்பல்-லிண்டாவு நோய் பலருக்கு முதலில் அங்கேதான் தெரிகிறது. தலைக்குள் கட்டி அழுத்தினால் பார்வை நரம்பின் தலைப்பு வீங்கியிருப்பதும் அங்கே தெரியும். நியூரோஃபைப்ரோமடோசிஸின் சின்னப் புள்ளிகள் கண்ணின் முன்பக்கத்தில், கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையில் தெரியும்.

இந்த ஜன்னலைத் திறந்து பார்க்கும் கலையில் கரிசல் காடு உலகத்துக்கே ஒரு ஆளைக் கொடுத்திருக்கிறது. கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் பிறந்தார். அவருடைய உறவுப் பெண்கள் மூவர் கர்ப்பச் சிக்கலில் இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவம் படிக்கப் போனார். பிரசவ மருத்துவராக நினைத்தவரின் விரல்களை முடக்குவாதம் முறுக்கிப்போட, கண் அறுவைக்குத் திரும்பினார். 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது பின்னால் திருநெல்வேலிக்கும் வந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டுக் கண் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கியது. முகாமில் பெரும்பாலும் புரை பார்ப்பார்கள், கண்ணாடி எழுதுவார்கள். தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் என்று ஒரு பெண்ணோ பையனோ வந்தால் கண்மணியை விரியவைக்கும் சொட்டு விட்டு, உள்ளே விளக்கடித்து விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "எங்க அப்பாவுக்குச் சிறுமூளையில ஆபரேஷன் நடந்தது" என்று சொல்ல ஒரு வாக்கியம் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஃபான் ஹிப்பல்-லிண்டாவு நோய் உள்ள வீட்டில் குழந்தை பிறந்தால், முதல் பிறந்தநாளுக்கு முன்பே அதன் கண்ணைக் காட்ட வேண்டும்.